நங்கூரப் புள்ளி

"இடம்: மேல் வலது."
இந்த வரியை எழுதியது நானில்லை.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதினார்,
அந்த மூலைக்கு எந்தக் கோடும் ஏறி வராது
என்று நம்பிய காலத்தில்.
ஒன்பது வருடம் அவர் நம்பிக்கை பலித்தது.

புன்டா அரீனாஸில் டிசம்பர் இரவு பத்தரைக்கும்
வெளிச்சம் மிச்சமிருக்கும்.
காற்று ஜன்னலைத் தட்டாது, தள்ளும்.
ஐந்து நிலையங்கள், ஐந்து நிறங்கள்:
சிப்பிச் சதையில் எவ்வளவு நஞ்சு என்று
வாரத்துக்கு ஒரு புள்ளி.
எண்பதில் ஒரு கிடைக்கோடு.
தாண்டினால் உதடு மரத்துப்போகும், பிறகு விரல்,
பிறகு மூச்சு.
வேகவைத்தாலும் போகாது.

நான் பெட்டியை நகர்த்தியது அதற்காக இல்லை.
ஒப்புக்கொள்ள வேண்டும்.
புது நிலையத்தின் பெயர் நீளம்,
ஒற்றைக்கண் தீவின் தெற்குக் கால்வாய்,
குறிவிளக்கப் பெட்டி பிதுங்கி அசிங்கமாக இருந்தது.
அவ்வளவுதான்.
இரண்டு பத்தியாக்கினேன். எழுத்தைச் சிறிதாக்கினேன்.
கீழே இறக்கினேன்,
தேதிகளின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
சரி, வெளியே போ என்று
நங்கூரப் புள்ளி கொடுத்தேன்:
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு, கமா, ஒன்று.
இந்த ஊர்த் துறையில் நங்கூரம் என்றால்
துருப்பிடித்த இரும்பு, சங்கிலி, முதுகுவலி.
எனக்கு இரண்டு எண்கள்.

பெட்டி சட்டத்தைத் தாண்டி வெளியே நின்றது.
அது இருந்த இடத்தில்
செவிட்டு விரிகுடா நின்றுகொண்டிருந்தது.
தொண்ணூற்று நான்கு.
ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு புள்ளி,
வெள்ளைப் பெட்டிக்குப் பின்னால், ஒரு வாரமாக.

மிர்கோ வுகாசோவிச்சைக் கூப்பிட்டேன்.
"யாரும் மறைக்கவில்லையே," என்றார்,
"ஆறாம் பக்க அட்டவணையில் இருக்கிறது."
இருந்தது.
ஆறாம் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காற்றைக் கேட்டோம்.
பிறகு அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு
வானொலி அறைக்குப் போனார்.

காலையில் திருத்திய தாளை எடுத்துக்கொண்டு துறைக்கு.
சிப்பி எடைபோடும் கொட்டகையில் எர்சிலியா கார்காமோ
பழைய தாளை ஏற்கெனவே கிழித்திருந்தாள்.
"ரெண்டு படகு பாதியில் திரும்பிவிட்டது.
ஒன்று போன வாரமே போய்வந்துவிட்டது."
யாருக்காவது ஏதாவது?
"தின்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்."

என் தாளைப் பார்க்காமலே
தன் அச்சுப்பொறியைக் காட்டினாள்.
கறுப்பு மை மட்டும்; நிறம் தீர்ந்து இரண்டு வருடம்.
சுவரில் தொங்கிய நவம்பர் தாளில்
ஐந்து சாம்பல் கோடுகள்,
மூலைப் பெட்டியில் ஐந்து சாம்பல் கோடுகள், ஐந்து பெயர்கள்.
எதுவும் எதையும் விளக்கவில்லை.
ஒவ்வொரு கோட்டின் வால்நுனியிலும்
பேனாவால் அவளே ஊர்ப்பெயர் எழுதியிருந்தாள்.
நடுங்காத கையெழுத்து. ஒன்றில் எழுத்துப்பிழை.

எத்தனை மாதமாக இப்படி?
"நீங்கள் தாள் அனுப்பத் தொடங்கியதிலிருந்து."

சாயங்காலம் பெட்டியைப் பிடுங்கியே எறிந்தேன்.
வெளியேகூட வைக்கவில்லை.
ஒவ்வொரு கோடும் தன் பெயரைத் தானே சொல்லட்டும் என்று
கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில், சற்று வலப்புறம், எழுதவைத்தேன்.
பூஜ்யத்துக்கு அருகே நான்கு பெயர்கள்
பஸ்ஸில் போல ஒன்றன்மேல் ஒன்று நெரிந்தன.
ஒன்றை மூன்று அலகு ஏற்றி, ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தி,
கையாலேயே ஒதுக்கினேன்.
இது நேர்த்தியான நிரல் இல்லை, அடுத்த வாரம் உடையும்,
அடுத்த வாரம் மறுபடி ஒதுக்குவேன்.
பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே
அடுத்து இங்கே உட்காரப்போகிறவருக்கு ஒரு குறிப்பு:
இந்த மூலைக்கும் கோடு வரும்.

செவிட்டு விரிகுடாவை மட்டும்
எங்கும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.
மேலே அதற்குப் பக்கத்தில்
இடம் தாராளமாக இருந்தது.